வீட்டுக் கராஜுக்கு ஹைட்ரோலிக் பிரஸ்: 12 தொன்னோ 20 தொன்னோ, வாங்குறதோ செய்விக்கிறதோ?

சுன்னாகம்_110

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாலை தகரக் கொட்டில் ஒண்டு போட்டு கராஜ் மாதிரி வைச்சிருக்கிறன். தொழில் இல்லை, வேலை முடிஞ்சு வந்து பின்னேரத்திலை எங்கடை வாகனம், சொந்தக்காரற்றை வாகனம் எண்டு செய்யிறதுதான். கொரோலா 110 ஒண்டு, அண்ணையின்ரை பஜாஜ் ஓட்டோ, மாமாவின்ரை லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிஷின்), ரெண்டு மோட்டச்சைக்கிள்.

போன கிழமை கொரோலாவின்ரை முன் வீல் பெயரிங் மாத்த வெளிக்கிட்டன். நக்கிளைக் (பெயரிங் இருக்கிற முன் அச்சுத் துண்டு) கழட்டி, சுத்தியலாலை அடிச்சு ஹப்பை (சில்லுப் பூட்டுற நடுத்துண்டு) எடுத்து, புதுப் பெயரிங்கை பைப் துண்டு ஒண்டு வைச்சு அடிச்சு ஏத்தி, பேந்து ஹப்பையும் அதுக்குள்ளை அடிச்சு இறக்கினனான். ஏறினது என்னவோ வடிவாத்தான் ஏறினது, ஆனா ரெண்டாம் நாள் மருதனார்மடம் தாண்டேக்கையே ஊஊ எண்டு சத்தம் துவங்கீட்டுது. புதுப் பெயரிங், காசு முழுக்கப் போச்சு. இனி சுத்தியல் வேண்டாம், ஜக்காலை அமத்தித் தள்ளுற பிரஸ் ஒண்டு எடுப்பம் எண்டு முடிவெடுத்திட்டன்.

12 தொன் காணுமோ, இல்லாட்டி 20 தொன்னோ? போத்தில் ஜக் (போத்தில் மாதிரி நிக்கிற ஹைட்ரோலிக் ஜக்) வைச்சதோ, பம்ப் வேறயா இருக்கிறதோ? யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலை பாக்கிறதோ, கொழும்பு பஞ்சிகாவத்தையிலை சொல்லி லொறியிலை போடுவிக்கிறதோ, இல்லாட்டி இஞ்சை ஆரிட்டையும் ஒட்டுவிக்கிறதோ? ஒரு லட்சத்துக்கு மேலை இப்ப என்னாலை ஏலாது. அம்மா வேற கேக்கிறா, இருபது தொன் எண்டால் கொட்டில் நிலம் வெடிச்சுப் போகாதோ எண்டு. அதுக்கும் ஆரும் மறுமொழி சொல்லுங்கோ.

லேத்_அண்ணை

தம்பி, முதல் அம்மாவுக்குச் சொல்லும், நிலத்துக்கு ஒண்டும் நடக்காது. ஜக் மேல் பீமை மேலை தள்ளுது, அதே அளவு கீழ் பெட்டை (சாமான் வைக்கிற குறுக்குச் சட்டம்) கீழை தள்ளுது, ரெண்டையும் ரெண்டு பக்கக் காலும் இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்கு. இருபது தொன்னும் அந்தச் சட்டத்துக்குள்ளையே சுத்தி முடிஞ்சிடும். நிலம் தாங்கிறது பிரஸ்ஸின்ரை பாரத்தை மட்டும்தான். ஆனா உயரமான சாமான், கால் அகலம் குறைவு, சரிஞ்சு விழும். அதாலை கொங்கிறீற்றிலை நாலு ராவல் போல்ற் போட்டு இறுக்கி விடும்.

இப்ப உம்மடை பெயரிங் ஏன் ஊதினது எண்டு பாப்பம். ஏனெண்டால் அது விளங்காமல் பிரஸ் வாங்கினாலும் பிரஸ்ஸிலை வைச்சும் இதே பிழையைத்தான் செய்வீர். பெயரிங்குக்கு வெளி வளையம் ஒண்டு, உள் வளையம் ஒண்டு, நடுவிலை குண்டு. எந்த வளையம் இறுக்கமா ஏறுதோ அந்த வளையத்திலைதான் தள்ள வேணும். நக்கிளுக்குள்ளை ஏத்தேக்கை வெளி வளையத்திலை. பேந்து ஹப்பை உள்ளுக்கு இறக்கேக்கை உள் வளையத்துக்குக் கீழை சரியான அளவிலை ஒரு சிலீவ் (இரும்புக் குழாய்த் துண்டு) முட்டுக் குடுக்க வேணும். நீர் அனேகமா நக்கிளை அப்பிடியே பலகையிலை வைச்சு ஹப்பை மேலை இருந்து அடிச்சிருப்பீர். அப்ப அடி முழுக்க உள் வளையத்தாலை குண்டுக்குப் போய், குண்டு வெளி வளையத்திலை பள்ளம் போட்டிடும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம். அதுதான் மருதனார்மடத்திலை ஊதினது.

12ஓ 20ஓ எண்டதுக்கு என்ரை மறுமொழி 20. மோட்டச்சைக்கிள், ஓட்டோ வேலைக்கு ரெண்டு மூண்டு தொன்னுக்கு மேலை போகாது. ஆனா பழைய ஜப்பான் காரின்ரை நக்கிள் ஒண்டு பத்துப் பதினைஞ்சு வருசம் மழையும் உப்புக்காத்தும் குடிச்சு இறுகிக் கிடந்தால் பத்துத் தொன்னிலையும் அசையாமல் நிண்டு பேந்து டாங் எண்ட சத்தத்தோடை விடுபடும். 12 தொன் ஜக்கை எப்பவும் அதின்ரை எல்லையிலை வைச்சு அடிக்கிறதை விட 20ஐப் பாதியிலை பாவிக்கிறது நல்லம்.

ஆனா ஒண்டு. 20 தொன் எண்ட ஸ்டிக்கர் ஜக்குக்குத்தான். சட்டத்துக்கு இல்லை. கடையிலை போய் ஜக்கைப் பாக்காதையும், பெட்டைப் பாரும், அதைத் தாங்கிற குத்தியைப் (பின்) பாரும், கீழை வைக்கிற பிளேட்டைப் பாரும்.

ஸ்கார்பரோ_தம்பி

அண்ணை சொன்ன கடைசி வசனத்துக்காகத்தான் எழுதுறன். நான் கனடாவிலை, சொந்த ஊர் உரும்பிராய். இஞ்சை மலிவு விலைக் கடை ஒண்டிலை 20 தொன் பிரஸ் எடுத்தனான், பெட்டியிலை பாட் பாட்டா வந்து நாங்களே பூட்டினது. சட்டம் பரவாயில்லை. ஆனா அதோடை ரெண்டு பிளேட் வரும், பெட்டுக்கு மேலை வைக்கிறது, ஓரத்திலை பல அளவிலை வெட்டு இருக்கும். அது ரெண்டும் வார்ப்பிரும்பு. எனக்கு அது தெரியாது.

லோவர் ஆம் புஷ் (சில்லைத் தாங்கிற கீழ்க் கையின்ரை உறை) ஒண்டு தள்ளிக்கொண்டு நிண்டனான், கொஞ்சம் சரிவா இருந்தது, சரி போகும் எண்டு இன்னும் ரெண்டு தரம் பம்ப் அடிச்சன். துவக்கு வெடிச்ச மாதிரிச் சத்தம். பிளேட் ரெண்டாப் பிளந்து ஒரு துண்டு என்ரை இடுப்புப் பக்கத்தாலை போய் கராஜ் கதவிலை அடிச்சு கதவு நெளிஞ்சிட்டுது. நான் லீவர் அடிக்கிறதுக்காக ஒரு பக்கமா நிண்டபடியால் தப்பினன், நேர முன்னுக்கு நிண்டிருந்தால் இண்டைக்கு இதை எழுத மாட்டன். ரெண்டு நாள் கராஜ் பக்கம் போகேல்லை, கை நடுங்கினது.

பிறகு என்ன செய்தனான் எண்டால், அந்த பிளேட் ரெண்டையும் இரும்புக்குப் போட்டிட்டு 25 மில்லிமீற்றர் தடிப்பிலை மைல்ட் ஸ்டீல் கட்டை ரெண்டு வெட்டுவிச்சனான். மைல்ட் ஸ்டீல் தாங்கேலாட்டி வளையும், வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். வளையிறது கண்ணுக்குத் தெரியும், நிப்பாட்டலாம். தயவு செய்து பிரஸ்ஸோடை வாற பிளேட்டை நம்பாதேங்கோ. ஒருக்கா அரத்தாலை உராசிப் பாருங்கோ, கறுப்புத் தூளா உதிர்ந்தால் வார்ப்பு, மினுக்கமான சுருளா வந்தால் ஸ்டீல்.

மானிப்பாய்_ஸ்பனர்

நான் வேற மாதிரிச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. வருசத்துக்கு மூண்டு நாலு பெயரிங் மாத்திறதுக்கு லட்ச ரூவாயிலை பிரஸ் எதுக்கு? M16, இல்லாட்டி M20 திறெட் ரொட் (16, 20 மில்லிமீற்றரிலை முழுக்கப் புரி வெட்டின கம்பி) ஒரு மீற்றர் வாங்கி, ரெண்டு நட்டு, தடிச்ச வாசர் நாலைஞ்சு, அளவளவா சிலீவ், அவ்வளவுதான். ரொட்டை நடுவாலை விட்டு ரெண்டு பக்கமும் நட்டை இறுக்கினால் பெயரிங் நேரா வந்து இருக்கும், நக்கிளை வாகனத்திலை இருந்து கழட்டக்கூடத் தேவையில்லை. கிரீஸ் மட்டும் திறெட்டுக்கு நல்லாப் பூச வேணும், இல்லாட்டி நட்டு கடிச்சுப் போடும். நான் ஏழு வருசமா இப்பிடித்தான் ஓட்டோ வேலை செய்யிறன்.

சுன்னாகம்_110

அண்ணை எல்லாருக்கும் நன்றி. லேத் அண்ணை சொன்னது அப்பிடியே சரி, ஹப்பை இறக்கேக்கை கீழை பலகைதான் வைச்சனான், உள் வளையத்துக்கு ஒண்டும் வைக்கேல்லை. இப்பதான் விளங்குது.

மானிப்பாய் அண்ணை, திறெட் ரொட் நல்ல யோசனை, ஏத்திறதுக்குக் கட்டாயம் செய்து பாக்கிறன். ஆனா இறுகினதைக் கழட்டுறதுக்கு அது காணுமோ? அதோடை லான்ட்மாஸ்டர் வேலையும் வருது, மாமாவின்ரை ஆக்கள் எல்லாரும் இனி இஞ்சைதான் கொண்டு வரப்போயினம் போலக் கிடக்கு. சாவகச்சேரியிலை ஒருத்தர் நாலு இஞ்சிச் சனலிலை ('ப' வடிவ இரும்பு) பிரஸ் ஒட்டித் தாறன், ஜக்கை நீங்கள் வாங்கித் தாங்கோ எண்டு சொல்லியிருக்கிறார். கடை விலையிலை பாதிதான். நாலு இஞ்சி காணுமோ?

கிளிநொச்சி_பொறியியல்

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலை படிக்கிறன், அறிவியல் நகரிலை. உங்கடை கேள்வியைப் பாத்திட்டு இரவு இருந்து கணக்குப் போட்டுப் பாத்தனான், படிச்சது ஒருக்காத்தான் உதவும் போல இருந்தது. ஆறுதலா வாசியுங்கோ.

20 தொன் எண்டால் கிட்டத்தட்ட 196 கிலோநியூற்றன். கீழ் பெட் எண்டது ரெண்டு சனல், முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு. ரெண்டு காலுக்கும் இடையிலை அரை மீற்றர் எண்டு வைப்பம். பாரம் நட்ட நடுவிலை விழுந்தால் வளைக்கிற திருப்பம் பாரத்தை நீளத்தாலை பெருக்கி நாலாலை பிரிக்கிறது, அது 24.5 கிலோநியூற்றன் மீற்றர்.

இந்தியன் சனல் அட்டவணையிலை 100 மில்லிமீற்றர் சனலுக்கு, அதுதான் உங்கடை நாலு இஞ்சி, வெட்டுமுகக் குணகம் (வளைவை எவ்வளவு தாங்கும் எண்ட அளவு) 37.3 கன சென்ரிமீற்றர். ரெண்டு சனலுக்கு 74.6. திருப்பத்தை அதாலை பிரிச்சுப் பாத்தால் தகைப்பு, அதாவது இரும்புக்குள்ளை வாற அழுத்தம், 328 மெகாபஸ்கால் வருது. சாதாரண மைல்ட் ஸ்டீல் 250இலை நெளியத் துவங்கீடும். அப்ப நாலு இஞ்சி 20 தொன்னுக்கு நெளியும், இதிலை சந்தேகமே இல்லை.

150 மில்லிமீற்றர், அதாவது ஆறு இஞ்சி எண்டால் ஒரு சனலுக்கு 103.9, ரெண்டுக்கு 208 மட்டிலை. தகைப்பு 118தான். பாதிக்கும் குறைவு. அஞ்சு இஞ்சி போட்டால் 184, தாங்கும், ஆனா நெருக்கம். பாருங்கோ, உயரம் ஒண்டரை மடங்குதான் கூடினது, பலம் கிட்டத்தட்ட மூண்டு மடங்காப் போச்சு. காசைச் சனலின்ரை உயரத்திலை போடுங்கோ.

பெட்டைத் தாங்கிற குத்தியும் பாத்தனான். ரெண்டு குத்தி, ஒவ்வொண்டும் ரெண்டு இடத்திலை வெட்டுப்படும், அப்ப நாலு வெட்டுமுகம். 25 மில்லிமீற்றர் குத்தி எண்டால் ஒரு வெட்டுமுகத்துக்கு 100 மெகாபஸ்கால். மைல்ட் ஸ்டீலுக்கு அது தாங்கும், ஆனா மிச்சம் கனக்க இல்லை. இருபது மில்லிமீற்றர்க் குத்தி எண்டால் 156, அது மைல்ட் ஸ்டீலிலை வேண்டாம். ரோட் ஓரத்திலை கிடந்த கம்பியை வெட்டிக் குத்தியா வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம் அண்ணா.

இன்னொண்டு, இது எல்லாம் பாரம் நடுவிலை நேரா விழுந்தால்தான். ஒரு பக்கமாச் சரிஞ்சு விழுந்தால் ஒரு சனலே முழுப் பாரத்தையும் எடுக்கும்.

தென்மராட்சி_வெல்டர்

நான் தம்பி கேட்ட ஆள் இல்லை, ஆனா நானும் சாவகச்சேரிப் பக்கம் இந்த வேலைதான். தங்கச்சி கணக்குப் போட்டது வடிவு, ஆனா நான் நாலு இஞ்சிச் சனலிலை ஒட்டிக் குடுத்த பிரஸ் மூண்டு இண்டைக்கும் வேலை செய்யுது, ஒண்டும் நெளியேல்லை. எல்லாம் புத்தகத்திலை இருக்கிற மாதிரி நடக்கிறேல்லை.

கிளிநொச்சி_பொறியியல்

அண்ணை, நீங்கள் சொல்லுறது பொய் எண்டு நான் சொல்லேல்லை. உங்கடை பிரஸ்ஸிலை பத்துத் தொன் மட்டும் அடிச்சால் அதே கணக்கிலை 164தான் வரும், நெளியாது. ஓட்டோ, மோட்டச்சைக்கிள் வேலைக்கு அதுக்கு மேலை போகவே போகாது, அதாலைதான் நிண்டு பிடிக்குது. ஆனா அதிலை 20 தொன் ஜக் பூட்டியிருக்கு. ஒரு நாளைக்கு ஆரோ இறுகின சாமான் ஒண்டை வைச்சு கடைசி மட்டும் அடிப்பினம். அண்டைக்கு என்ன நடக்கும் எண்டதுதான் என்ரை பயம். நாலு இஞ்சியிலை செய்தால் 10 தொன் ஜக் பூட்டிக் குடுங்கோ, அது நேர்மையான பிரஸ்.

தென்மராட்சி_வெல்டர்

அது சரி. 10 தொன் ஜக் பூட்டுறது எண்டதை நான் ஏற்றுக்கொள்ளுறன். மூண்டு பேரிட்டையும் சொல்லி ஜக்கை மாத்தி விடுறன்.

ஏநாற்பது_கொக்குவில்

எனக்கு அறுபத்தெட்டு வயது. போர் நேரம் பொருளாதாரத் தடைக் காலத்திலை எங்கடை ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயிலை ஓடின ஆள். பெற்றோல் ஒரு சொட்டு காபரேட்டருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புதுச் சாமான் எண்ட பேச்சே இல்லை. கிங்பின் புஷ் (முன் சில்லு திரும்பிற அச்சின்ரை உறை) தேய்ஞ்சால் லேத்திலை பித்தளையிலை கடைஞ்சு, பெரிய வைஸிலை ரெண்டு பக்கமும் சொக்கட் வைச்சு, ஒரு பக்கம் புஷ்ஸின்ரை வெளி அளவிலும் சின்னது, மற்றப் பக்கம் பெரியது, கைப்பிடியிலை பைப் போட்டு ஆறுதலா இறுக்குவம். சின்னச் சொக்கட் புஷ்ஸைத் தள்ளும், பெரிய சொக்கட்டுக்குள்ளை பழையது வந்து விழும். பிரஸ் செய்யிறதும் அதேதான், பலம் மட்டும்தான் கூட.

நான் சொல்ல வாறது, பிரஸ்ஸை விடப் பெறுமதியானது அந்தச் சிலீவ் பெட்டி. என்னட்டை ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கு, அதுக்குள்ளை பழைய பெயரிங்கின்ரை வெளி வளையங்கள், அளவு வாரியா. 6202 நம்பர் பெயரிங் எண்டால் வெளி விட்டம் 35 மில்லிமீற்றர், 6302 எண்டால் 42, 6204 எண்டால் 47, 6205உம் 6304உம் 52, 6206 எண்டால் 62. புதுப் பெயரிங் ஏத்தேக்கை அதே நம்பர்ப் பழைய வளையத்தை மேலை வைச்சுத் தள்ளினால் அச்சொட்டா வெளி வளையத்திலை மட்டும்தான் பாரம் விழும். ஒரு வேலை செய்ய வேணும், அந்தப் பழைய வளையத்தின்ரை வெளிப்பக்கத்தை கிரைண்டரிலை ஒரு மயிரிழை தேய்ச்சு விட வேணும், இல்லாட்டி அதுவும் உள்ளுக்குப் போய் இறுகீடும், பேந்து அதைக் கழட்ட இன்னொரு பிரஸ் தேட வேணும். நான் ஒரு பக்கத்திலை கீறலும் போட்டு வைச்சிருக்கிறன், ஆனா பெரிய பாரத்துக்கு அந்தக் கீறல் போட்டதைப் பாவிக்கிறேல்லை.

ஸ்கார்பரோ_தம்பி

ஐயா, ஒண்டு மட்டும் சேர்த்து விடுறன். பெயரிங் வளையம் எண்டது கடினமாக்கின ஸ்டீல், கண்ணாடி மாதிரி வெடிக்கும். அஞ்சாறு தொன்னுக்கு மேலை போகிற வேலைக்கு அதை சிலீவாப் பாவிக்க வேண்டாம், லேத்திலை மைல்ட் ஸ்டீல் வளையம் கடைஞ்சு எடுங்கோ. கழட்டிற பெயரிங்கும் வெடிக்கும், அதுக்கு நான் லொறி ரயர்த் துண்டு ஒண்டை வளைச்சு சுத்தி நிப்பாட்டி வைக்கிறன். முகத்துக்கு முழுக் கவசம், வெறும் கண்ணாடி காணாது.

ஏநாற்பது_கொக்குவில்

ஓம் தம்பி, நீர் சொல்லுறது சரி. வைஸிலை அவ்வளவு பலம் வாறேல்லை, அதாலை எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. பிரஸ்ஸுக்கு உம்மடை சொல்லையே எடுங்கோ.

வல்வை_எஞ்சின்

கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். எங்கடை கொட்டில் கடலிலை இருந்து இருநூறு யார் தூரம் வராது. ஜக்கின்ரை பிஸ்டனை வெளியிலை நீட்டின படி ஒரு இரவு விட்டால் விடியப் பாக்கேக்கை சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி சீலுக்குள்ளாலை போகேக்கை சீலை அராவிப் போடும், பிறகு ஜக் கீழை கீழை இறங்கும். வேலை முடிஞ்சால் பிஸ்டனை முழுக்க உள்ளுக்கு விட்டு, தெரியிற இடத்துக்குக் கிரீஸ். ஸ்பிறிங்குகளுக்கும் கிரீஸ்.

எண்ணெய் குறைஞ்சால் ஹைட்ரோலிக் ஜக் எண்ணெய், 22 இல்லாட்டி 32 நம்பர். பிரேக் ஒயில் விட்டிடாதேங்கோ, ரப்பர் சீல் ஊதிப் பிசின் மாதிரிப் போகும், எங்கடை பெடியன் ஒருத்தன் விட்டு நல்ல ஜக் ஒண்டு நாசம். எண்ணெய் விட்டாப் பிறகு ஜக்கை இறக்கிற திருகியைத் திறந்து வைச்சுக்கொண்டு பத்துப் பதினைஞ்சு தரம் பம்ப் அடிச்சால் காத்துப் போகும்.

இன்னொண்டு, வள்ளத்து ரெண்டு ஸ்ரோக் அவுட்போட் எஞ்சினின்ரை கிராங் வீட்டுப் பிரஸ்ஸிலை ஆரும் பிரிக்க வெளிக்கிடாதேங்கோ. பிரிக்கிறது லேசு. திரும்பிச் சேர்த்து கோணல் இல்லாமல் மில்லிமீற்றரிலை நூறில் ரெண்டு மூண்டு பங்குக்குள்ளை நேராக்கிறது டயல் கேஜ் வைச்சு செய்யிற ஆளின்ரை வேலை. நேர் பிழைச்சால் நடுக்கடலிலைதான் தெரிய வரும்.

சுன்னாகம்_110

வாசிக்க வாசிக்க பயமும் வருது, ஆசையும் வருது. ஒரு கேள்வி, என்னட்டை லொறிக்குப் பாவிச்ச 20 தொன் போத்தில் ஜக் ஒண்டு சும்மா கிடக்கு. அதைத் தலைகீழா மேல் பீமிலை பூட்டினால் கீழை தள்ளும் தானே? ஜக் காசு மிச்சம்.

லேத்_அண்ணை

வேண்டாம் தம்பி. போத்தில் ஜக்குக்கு எண்ணெய் உறிஞ்சிற துவாரம் அடியிலை. தலைகீழாப் பிடிச்சால் எண்ணெய் மற்றப் பக்கம் போய், பம்ப் காத்தைத்தான் உறிஞ்சும். கடைப் பிரஸ்ஸுகளிலை பாரும், ஜக் நேராத்தான் நிக்கும், ஒரு நகர்ற பிளேட்டிலை இருந்து மேல் பீமை உதைக்கும், பிளேட் கீழை வரும், ரெண்டு ஸ்பிறிங் திரும்பி மேலை இழுக்கும். அந்த அமைப்பிலை உம்மடை ஜக் வேலை செய்யும். அதோடை அழுத்தம் காட்டுற கேஜ் பூட்டுறதுக்காக ஜக்கிலை ஓட்டை போடுறதும் வேண்டாம். கேஜ் வேணுமெண்டால் கேஜோடை வாறதை எடும்.

பம்ப் வேறயா, சிலிண்டர் மேலை பூட்டினதா வாறது திறம், மறுக்கேல்லை. 700 பார் அழுத்தப் பம்பிலை 20 தொன் வேணுமெண்டால் 60 மில்லிமீற்றர்ப் பிஸ்டன் இருக்க வேணும், பிஸ்டனின்ரை அளவைக் கேட்டால் கடைக்காரன் உண்மை சொல்லுறானோ எண்டு அதிலையே தெரியும். ஆனா உம்மடை காசுக்கு போத்தில் ஜக் காணும். லீவர் ஜக்கோடை சேர்ந்து கீழை இறங்கும், அது ஒரு கரைச்சல்தான், பழகீடும்.

கடைக்குப் போகேக்கை என்ன பாக்கிறது எண்டு சொல்லுறன். அளவு நாடா கொண்டு போம். சட்டத்தின்ரை மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்து பாரும், ரெண்டு மில்லிமீற்றருக்கு மேலை வித்தியாசம் எண்டால் சட்டம் கோணல், அதிலை பெயரிங் ஒரு நாளும் நேரா ஏறாது. பெட் சனலின்ரை உயரத்தை அள, தங்கச்சி சொன்ன மாதிரி ஆறு இஞ்சி, குறைஞ்சது அஞ்சு. போல்ற் தலையிலை 8.8 எண்டு அடிச்சிருக்கோ பாரும், ஒண்டும் இல்லாத மொட்டைத் தலை எண்டால் நாலாம் ரக போல்ற், மாத்தித்தா எண்டு கேளும். பிறகு பிஸ்டனை நாலு இஞ்சி நீட்டிப்போட்டுக் கையாலை பக்கவாட்டிலை ஆட்டிப் பாரும், கொஞ்சம் ஆடும், லொடலொடா எண்டால் விட்டிட்டு வாரும். கடைசியா ஒரு இரும்புக் கட்டை வைச்சு நல்லா இறுக்கி அடிச்சுப்போட்டு கடைக்காரனோடை பத்து நிமிசம் கதைச்சுக்கொண்டு நில்லும். திரும்பி லீவரை ஒரு தரம் அடிக்கேக்கை அதே இறுக்கம் இருக்க வேணும். தளர்ந்து போயிருந்தால் உள்ளுக்கை சீலோ வால்வோ ஒழுகுது.

மோட்டச்சைக்கிள் வேலைக்குப் பிரஸ்ஸை நினைக்கவே வேண்டாம். அலுமினிய ஹப்பை ஒரு எண்பது பாகை கூட்டிச் சூடாக்கினால் 42 மில்லிமீற்றர் ஓட்டை மில்லிமீற்றரிலை நூறில் ஏழரைப் பங்கு மட்டிலை விரியும். பெயரிங்கை பொலித்தீனிலை சுத்தி அம்மாவின்ரை பிரிஜ்ஜிலை ஐஸ் வைக்கிற தட்டிலை ஒரு இரவு வைச்சால் நூறில் ரெண்டரைப் பங்கு சுருங்கும். ரெண்டும் சேர்ந்தால் பத்தில் ஒரு மில்லிமீற்றர். இறுக்கம் அதை விடக் கனக்கக் குறைவு. 6302ஐ மேலை வைச்சால் டக் எண்டு தானா விழுந்து இருக்கும், விரலாலை தள்ளினால் காணும். சூட்டை அறிய ஹப்பிலை ஒரு துளி தண்ணி விட்டுப் பாரும், சீறிக்கொண்டு வத்தினால் சரி. ஹப்பைத்தான் சூடாக்கிறது, பெயரிங்கை இல்லை, அதுக்குள்ளை ரப்பரும் கிரீஸும் இருக்கு.

மானிப்பாய்_ஸ்பனர்

உந்த பிரிஜ் வேலை நான் கண்ணாலை கண்டது, மெய். பெயரிங் விழுந்தாப் பிறகு ரெண்டு நிமிசம் கையாலை அமத்திப் பிடியுங்கோ, இல்லாட்டி சூடு ஏறேக்கை கொஞ்சம் எழும்பி நிண்டிடும்.

சுன்னாகம்_110 (மூண்டு கிழமைக்குப் பிறகு)

எடுத்தாச்சு. முதல் பாத்த கடையிலை மூலை அளந்து பாக்க ஆறு மில்லிமீற்றர் வித்தியாசம், திரும்பி வந்திட்டன். ரெண்டாவது இடத்திலை 20 தொன், போத்தில் ஜக், பெட் 150 சனல், குத்தி 28 மில்லிமீற்றர். போல்ற் மட்டும் மொட்டைத் தலை, கேட்டு 8.8 மாத்தி எடுத்தனான். பத்து நிமிசம் இறுக்கி வைச்சுப் பாத்தன், அசையேல்லை. என்ரை காசுக்குள்ளை வந்தது. கூட வந்த பிளேட் அரத்துக்குக் கறுப்பாத்தான் உதிர்ந்தது, அதை வெளியிலை வைச்சிட்டு லேத் அண்ணையிட்டை, ஓம் நேர போய்க் கண்டனான், 25 மில்லிமீற்றர் ஸ்டீல் கட்டை ரெண்டும் சிலீவ் ஆறும் செய்விச்சனான். அவர் சிலீவ் ஒவ்வொண்டிலையும் அளவை அடிச்சும் தந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை கொரோலா நக்கிளை வைச்சன். ஹப்பைத் தள்ளேக்கை நாலு அஞ்சு பம்ப் வரைக்கும் ஒண்டும் இல்லை, லீவர் கல்லு மாதிரி, பேந்து டப் எண்டு ஒரு சத்தம், பிறகு வெண்ணெய்யா இறங்கினது. பெயரிங்கின்ரை உள் வளையத்திலை பாதி ஹப்போடையே ஒட்டிக்கொண்டு வந்திட்டுது, அது எல்லாருக்கும் வாறது எண்டு லேத் அண்ணை போனிலை சொன்னார். கிரைண்டராலை ஒரு பக்கம் முக்கால்வாசி வெட்டி, உளி வைச்சு ஒரு அடி, வெடிச்சுக் கழண்டது. ஹப்பிலை கிரைண்டர் படாமல் பாத்துப் பாத்து வெட்டினது, அதுக்கே அரை மணித்தியாலம்.

புதுப் பெயரிங்கை வெளி வளையச் சிலீவ் வைச்சு ஏத்தினன். கையாலை லீவர் அடிக்கேக்கை ஒரே சீரா ஒரு பாரம் தெரியுது, அப்பிடியே போய்க்கொண்டிருந்து, உள்ளுக்கை முட்டினதும் அந்தப் பாரம் திடீரெண்டு மாறுது. அவடத்திலை நிப்பாட்டினன். சேர்க்ளிப் (பெயரிங் வெளியிலை வராமல் பிடிக்கிற வளையக் கிளிப்) போட்டு, உள் வளையத்துக்குச் சிலீவ் முட்டுக் குடுத்து ஹப்பை இறக்கினன். கையாலை சுத்திப் பாத்தால் பட்டு மாதிரி. ரயர்த் துண்டு சுத்தி நிண்டது, கவசமும் போட்டனான், அம்மா கொட்டில் வாசலிலை நிண்டு நிலத்தையே பாத்துக்கொண்டு நிண்டா.

இண்டைக்கு கண்டி வீதியாலை கொடிகாமம் மட்டும் ஓடிப் பாத்தன், கண்ணாடியை இறக்கி விட்டு. காத்துச் சத்தம் மட்டும்தான்.

கிளிநொச்சி_பொறியியல்

சந்தோசம் அண்ணா! குத்தி 28 எண்டால் வெட்டுத் தகைப்பு 80க்குத்தான் வருது. பெட்டுக்கு அடியிலை ஒரு நூல் இழுத்துப் பிடிச்சு இப்ப ஒருக்கா அளந்து எழுதி வையுங்கோ. ஆறு மாசத்துக்குப் பிறகு திரும்பி அளந்தால் நெளிவு வந்திருக்கோ எண்டு தெரியும்.

ஏநாற்பது_கொக்குவில்

நல்லது தம்பி. சிலீவுக்கு ஒரு ரின் எடுத்து வையும்.

சுன்னாகம்_110

வைச்சிட்டன் ஐயா, அம்மாவின்ரை மா ரின் ஒண்டு. நூலும் இழுத்து அளந்தாச்சு தங்கச்சி, சுவரிலை எழுதி வைச்சிருக்கிறன். அடுத்தது மாமாவின்ரை லான்ட்மாஸ்டர், றொட்டவேற்றர்ப் பக்கத்துப் பெயரிங். பழைய 6205, 6206, 6207 வளையம் ஆரிட்டையும் கிடந்தால் எறிஞ்சு போடாதேங்கோ, சுன்னாகம் சந்தைப் பக்கம் வாறாக்கள் எனக்கு ஒரு சொல் எழுதுங்கோ, நானே வந்து எடுக்கிறன்.